தண்டாலும் ஜெபமும்

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவ சபை கல்லூரி மாணவர்களுக்காக நடத்தும் காலை உடற்பயிற்சி வகுப்புக்கு ஒரு மாதம் போனேன். 5.30-க்கு ஆரம்பம், கட்டணம் இல்லை. எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் என் குதிகால் தூக்குவதைப் பார்த்த கோச் அண்ணன் எடையை இறக்கிவைக்கச் சொல்லி, வெறும் கம்போடு ஒரு வாரம் ஓட்டினார். முன்பு காசு கட்டிப் போன ஜிம்மில் இதை யாரும் கவனித்ததே இல்லை. அப்புறம் பத்து நிமிடம் வேதவசனம். சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது என்கிற பைபிளின் தீமோத்தேயு வசனத்தை, தண்டால் எடுத்துக் கை நடுங்க உட்கார்ந்திருக்கும்போதா வாசிப்பது! விளையாட்டும் ஊழியமும் சேர்வது புதிதில்லை, கிறிஸ்தவ இளைஞர் அமைப்பான ஒய்.எம்.சி.ஏ.-வின் சென்னை உடற்கல்வியியல் கல்லூரி 1920-லேயே வந்துவிட்டது. குறை என்றால், ஜெபம் நீளும் நாளில் காலேஜ் பஸ் போய்விடும். வேறு மதத்துப் பையன்கள் வசனத்துக்கு முன்பே கிளம்பினால் யாரும் முகம் சுளிப்பதில்லை, ஆனால் அதைச் சேரும்போதே சொல்லிவிடலாம்.