ஓப்பன்பைஎக்செல் கையேடு: ஏஐ ஏஜென்ட் படித்தால் எப்படி?

கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் எனக்கு நாள் முழுக்க எக்செல்தான். மாதம் 14ஆம் தேதி, சரக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வந்துவிடும். அதைக் கட்சிக்காரரின் கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒத்துப் பார்க்க வேண்டும். சில காலமாக இந்த வேலையை ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் மென்பொருளிடம், விட்டிருக்கிறேன். அது பைத்தான் நிரல்மொழியில், எக்செல் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஓப்பன்பைஎக்செல் என்ற நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) வைத்துக் கோப்பைத் திறக்கிறது, ஒப்பிடுகிறது, அறிக்கை எழுதுகிறது. அந்த நூலகத்தின் கையேடு ஒரு ஏஜென்ட்டுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதே இங்கே என் கவலை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எரிக் கஸோனி தொடங்கி, சார்லி கிளார்க் பராமரிக்கும் நூலகம் இது. காசு கிடையாது; எக்செல் இல்லாத லினக்ஸ் சர்வரிலும் ஓடும். கையேடு நேர்மையானது. சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் கேட்காமலே எழுதிவிடும் என்கிறது. கோப்பில் வரைந்திருக்கும் வடிவங்கள், திறந்து சேமித்தால் போய்விடும் என்கிறது. கோப்பின் அளவைப் போல் சுமார் 50 மடங்கு நினைவகம் பிடிக்கும், 50 எம்பி கோப்புக்கு 2.5 ஜிபி என்று கணக்கே போட்டுக் காட்டுகிறது. காசு வாங்கும் மென்பொருள்காரர்கள் யாராவது தங்கள் சரக்கைப் பற்றி இப்படி எழுதுவார்களா என்ன!

சிக்கல், இந்த எச்சரிக்கைகள் இருக்கும் இடத்தில். நாம் கையேட்டைப் படிக்கும்போது பக்கத்தைப் புரட்டுவோம், கண்ணில் படும். ஏஜென்ட் பல நேரம் பக்கத்துக்கே போவதில்லை. கட்டளையோடு ஒட்டியிருக்கும் ஒரு வரி விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறது.

வரிசை செருகும் ‘இன்சர்ட் ரோஸ்’ கட்டளையையே பாருங்கள். பி2 முதல் பி9 வரை தொகைகள், பி10இல் கூட்டல் ஃபார்முலா. ஐந்தாம் வரிசையில் ஒன்றைச் செருகினால் கூட்டல் பி11க்கு இறங்கும். உள்ளே இருக்கும் பி2:பி9 அப்படியே நிற்கும். கடைசி பில் இப்போது பி10இல், கூட்டலுக்கு வெளியே. பிழைச் செய்தி எதுவும் வராது. ஃபார்முலாக்களை, அட்டவணைகளை, வரைபடங்களைத் தான் சரிசெய்வதில்லை என்று கையேட்டின் உரிய பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டளையின் சொந்த விளக்கம், இந்த எண்ணுக்கு முன் வரிசையைச் செருகும் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஏஜென்ட்டும் “வரிசை சேர்க்கப்பட்டது” என்று நல்ல பிள்ளையாக அறிக்கை கொடுக்கும்.

கோப்பைத் திறக்கும்போது கொடுக்கும் ‘டேட்டா ஒன்லி’ என்ற விருப்பம் இன்னும் வில்லங்கம். அதை இயக்கித் திறந்தால் ஃபார்முலாவுக்குப் பதில், எக்செல் கடைசியாகச் சேமித்த விடை கிடைக்கும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு விஷயங்களை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இந்த நூலகம் ஃபார்முலாவைக் கணக்கிடாது. ஏஜென்ட் இப்போதுதான் எழுதிய கோப்பை அப்படித் திறந்தால் விடை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வரும். ஏஜென்ட் ஃபார்முலா தப்பு என்று நினைத்து, சரியாக இருந்ததை மாற்றி எழுதத் தொடங்கும். மற்றொன்று, அப்படித் திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்தால் ஃபார்முலாக்கள் ஒட்டுமொத்தமாக அழிந்து வெறும் எண்களே மிஞ்சும். தணிக்கைத் தாளில் இது விளையாட்டுக் காரியமில்லை.

2024இல் ஜெரமி ஹோவர்ட் முன்மொழிந்த ‘எல்எல்எம்எஸ் டாட் டிஎக்ஸ்டி’ போல ஏஜென்ட்டுக்கென ஒரு பக்கப் பட்டியல் கொடுத்தாலும் இது தீராது. எச்சரிக்கை கட்டளையின் விளக்கத்துக்குள்ளேயே வர வேண்டும். செய்த பிறகு எதைச் சரிபார்ப்பது என்பதும் அங்கேயே வேண்டும்.

இப்போதைக்கு வேலைக் கோப்புறையில் ஏஜென்ட் படிப்பதற்காக ‘ஏஜென்ட்ஸ் டாட் எம்டி’ என்ற குறிப்பை நானே எழுதி வைத்திருக்கிறேன். அதில் இருப்பவை இவை. மூலக் கோப்பைத் தொடாதே, நகலில் எழுது. வரிசை செருகினால் கீழே உள்ள ஒவ்வொரு கூட்டலின் எல்லையையும் படித்துக் காட்டு. விடை வேண்டுமானால் எக்செல் கோப்புகளைக் கணக்கிடத் தெரிந்த இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸைத் திரையில்லாமல் இயக்கிக் கணக்கிட்டு, பிறகு திற. இணைத்த கட்டங்களில் இடது மேல் மூலையில் மட்டுமே மதிப்பு இருக்கும். 2பி கோப்பின் தலைப்பு வரிசைகள் அப்படித்தான். ஃபார்முலாப் பெயர்கள் ஆங்கிலத்தில், அதற்குள் கொடுக்கும் மதிப்புகளுக்கு இடையில் காற்புள்ளி. தொகைகள் 12,34,567 என்று லட்சக் கணக்கில் வர வேண்டும், 1,234,567 என்று அல்ல. இதற்கான எண் வடிவத்தை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணத்தையும் ஒரு வரி சேர்த்த விதிகளை ஏஜென்ட் ஒழுங்காகப் பின்பற்றுகிறது. வெறுமனே “செய்யாதே” என்று எழுதியவற்றைச் சில நேரம் தாண்டிப் போகிறது.

பதிவேடு, ஒப்பீடு, அறிக்கை போன்ற வேலைகளுக்கு இந்த நூலகத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், இப்படியொரு குறிப்போடு. பொத்தான்களும் வடிவங்களும் நிறைந்த கோப்பென்றால் வேண்டாம். அதற்கு எக்செல்லையே இயக்கும் எக்ஸ்எல்விங்ஸ் என்ற வேறொரு பைத்தான் நூலகம் இருக்கிறது. ஆனால் விண்டோஸிலோ மேக்கிலோ எக்செல் நிறுவியிருக்க வேண்டும்.