திங்கள் மிஸ், வியாழன் மிஸ்: ஒரே வகுப்பை இருவர் நடத்தும் பள்ளி எப்படி இருக்கிறது?

கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில், திருவாரூர் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் ஒரு சிறிய நர்சரி, தொடக்கப் பள்ளி. அதன் இரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர்கள் இருவர். திங்கள் காலை முதல் புதன் மதியம் வரை ஒருவர், புதன் மதியம் முதல் வெள்ளி மாலை வரை இன்னொருவர். வேலை ஒன்றுதான், சம்பளமும் ஒன்றுதான். இருவருக்கும் பாதிப் பாதி. வகுப்பில் 28 பிள்ளைகள். அவர்கள் வாயில் இவர்கள் "திங்கள் மிஸ்", "வியாழன் மிஸ்". டெல்டாவின் சிற்றூர்களில் நாம் பார்க்கும் ஈராசிரியர் பள்ளி வேறு. அங்கே ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்தும் மற்றவர் தலையில் விழும். இங்கே ஒரு வகுப்புக்கு இரண்டு பேர்.

பிள்ளையைச் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம். காரணம் இரண்டு மிஸ்களின் திறமை மட்டுமல்ல. புதன்கிழமை 12:45 முதல் 1:15 வரை இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த அரைமணிக்கு இருவருக்கும் சம்பளம் உண்டு. பிள்ளைகள் சாப்பிடுவதை ஆயாம்மாவும் அலுவலக உதவியாளரும் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த அரைமணி இல்லாத பள்ளியில் இதே ஏற்பாடு இருந்தால் சேர்க்க வேண்டாம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைதான் அங்கே இரு ஆசிரியர்களுக்கும் நடுவே தூது போக வேண்டியிருக்கும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, மடையை மூடியவர் அடுத்த முறைக்காரரிடம் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மேஜையில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. ஒரு கைமாற்றத்துக்கு, அதாவது வகுப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறும் ஒவ்வொரு முறைக்கும், ஒரு பக்கம். பாடம் எந்தப் பக்கத்தில் நின்றது. யாருக்குப் புரியவில்லை, பெயர் சொல்லி. எந்த வீட்டுப்பாடம் கொடுத்தது, எப்போது வரவேண்டும். பெற்றோர் சொன்ன செய்தி, அதாவது மருந்து, விடுப்பு, இன்று யார் வந்து அழைத்துப்போவார்கள் என்பது. கடைசி வரிதான் பெரும்பாலான பள்ளிகள் விட்டுவிடுவது: பிள்ளைகளுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது? "எல்லாரும் எழுதி முடிச்சா வியாழக்கிழமை விளையாட விடுறேன்" என்று ஒருவர் சொல்லிப் போய், மற்றவருக்கு அது தெரியாமல் போனால், அந்த வகுப்பு இருவர் பேச்சையும் நம்பாது. "யார் அழைத்துப்போவது" என்ற வரி பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அதை நோட்டில் மட்டும் எழுதினால் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும், இங்கே சொல்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியரின் வார வேலையை 45 மணி என்று வைக்கிறது, தயாரிப்பு நேரமும் சேர்த்து. பாதி வேலைக்கு அது 22½ மணி. கைமாற்றும் அரைமணி அதற்குள்தான் வரவேண்டும். நல்ல மனசு இருந்தால் செய்துகொள் என்று விடுகிற விஷயமல்ல. தொடக்கப்பள்ளி வகுப்பை இருவர் பகிர்வது பழகிப்போன இங்கிலாந்தில், பாட நேரத்தில் குறைந்தது 10 சதவீதத்தைத் தயாரிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது 2005 முதல் நடைமுறை. பகுதி நேரக்காரர்களுக்கும் அவர்கள் வேலை அளவுக்கு அது உண்டு.

அடுத்தது பாடத்தை எப்படிப் பிரிப்பது. தமிழும் சூழ்நிலையியலும் உனக்கு, கணக்கும் ஆங்கிலமும் எனக்கு என்று பிரிப்பதுதான் எளிது. அதுதான் தவறும். புதன் மதியம் முதல் திங்கள் காலை வரை கணக்கே இல்லாமல் போனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் கையை விட்டுப் போகும். வாசிப்பும் எண்ணும் தினமும் வேண்டும். இந்தப் பள்ளி செய்திருப்பது சரி: தமிழுக்குத் திட்டம் எழுதுவது திங்கள் மிஸ், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் வியாழன் மிஸ்; ஆனால் மூன்றையும் இருவருமே நடத்துகிறார்கள். சூழ்நிலையியல், ஓவியம், பொது அறிவு ஆகியவை மட்டும் இருவருக்கும் நடுவே பிரிந்திருக்கின்றன. காலை ஒருவர், மதியம் ஒருவர் என்ற முறையும் சில இடங்களில் உண்டு. அதில் மதிய மிஸ்ஸுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாட்டுத் தூக்கமும் பங்குனி வெயிலும்தான் மிஞ்சும்.

இருவரும் ஒரே பாடத்தை நடத்தினால், சொல்லும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் கவனம் அதிகம் தேவை. ஒருவர் ண-வை "மூணு சுழி" என்பார், மற்றவர் "டண்ணகரம்" என்பார். ஒருவருக்கு "சின்ன ர, பெரிய ற", மற்றவருக்கு "இடையின ர, வல்லின ற". பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு ஆறு பெயர், மூன்று எழுத்து. கேட்டு எழுதுதலில் உடனே தெரியும்.

கணக்கில் இன்னும் மோசம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க ஒருவர் பத்தைப் பிரிக்கச் சொல்லித்தருவார்: 12-இல் 7 போக 5, பத்துகளில் 4-இல் 2 போக 2, விடை 25. மற்றவர் ஏறு வரிசையில் எண்ணச் சொல்வார்: 27-இலிருந்து 30-க்கு 3, 50-க்கு 20, 52-க்கு 2, மொத்தம் 25. இரண்டும் சரியான வழி. ஒன்று கையில் நிலைப்பதற்கு முன் மற்றது வந்தால், பிள்ளை பத்தைப் பிரிக்கும். பிரித்த பத்தைக் குறைக்க மறந்து 35 என்று எழுதும். இந்த வகுப்பில் முதல் பருவம் முழுக்க ஈர்க்குச்சிக் கட்டுகளை வைத்துப் பத்தைப் பிரிக்கும் முறை மட்டும். எண்ணி ஏறுவது இரண்டாம் பருவத்தில். இந்த வரிசையை எழுதிய தாள் இருவர் மேஜையிலும் ஒட்டியிருக்கிறது. வாய்ப்பாடும் அப்படித்தான், "ஓரிரண்டு ரெண்டு" என்றால் இருவருமே அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கு இல்லை. நாலு கோடு நோட்டில் திங்கள் மிஸ் தனித்தனி எழுத்தாக எழுதவைக்கிறார். வியாழன் மிஸ் கூட்டெழுத்து. ஒரே நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு கை. பள்ளி இதை உடனே சரிசெய்ய வேண்டும். எது முதலில் என்பது இரண்டாம்பட்சம்; இருவரும் ஒன்றைப் பிடிப்பதுதான் முக்கியம்.

விடுமுறைக் கணக்கு இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம், அதிலும் நம் பக்கத்தில். சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 பாட மணி. ஆளுக்கு 100 நாள் என்று தாளில் அழகாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, விடிகாலையில் ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு வரத் தொடங்கினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். திங்கள் முதல் புதன் வரை மழை விடுமுறை என்றால், முந்தைய புதன் மதியம் கிளம்பிய திங்கள் மிஸ்ஸைப் பிள்ளைகள் மறுபடி பார்ப்பது 12 நாள் கழித்து. அதோடு இந்தப் பள்ளி மாவட்ட எல்லையில் இருக்கிறது: தஞ்சாவூரில் விடுமுறை, திருவாரூரில் இல்லை என்ற நாட்களில் கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வருவதில்லை, அங்கிருந்து வரும் மிஸ் மட்டும் வந்தாக வேண்டும்.

உள்ளூர் விடுமுறைக்கு ஈடு செய்யும் சனிக்கிழமை அடுத்த சிக்கல். திருவாரூர் ஆழித்தேர்த் திருவிழாவுக்கு விடுமுறை விட்டு ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்தால், அன்று வகுப்பு யாருடையது? இந்தப் பள்ளியில் "யாருக்கு முடிகிறதோ அவர்" என்று விட்டிருக்கிறார்கள். அது பெரும்பாலும் பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர் தலையில் விழுகிறது. விதி எளிது: எந்தக் கிழமை போனதோ அந்தக் கிழமையின் பாட அட்டவணை, அந்தக் கிழமையின் ஆசிரியர். இதைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். புதன்கிழமையை முழு நாளாக்கி வாரம் மாற்றி வாரம் ஒருவருக்குக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புக்குச் சரிவரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இன்று யார் வருவார் என்று தெரியாமல் வாசலில் நிற்கும்.

இருவர் பார்க்கும் வகுப்பில் தப்பிப்போகும் பிள்ளை சத்தம் போடுபவன் அல்ல. அவனை இருவருக்கும் தெரியும். கரும்பலகை சரியாகத் தெரியாத, காது கொஞ்சம் மந்தமான, வாயே திறக்காத பிள்ளைதான் நடுவில் விழும். "அவங்க கவனிச்சிருப்பாங்க" என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அதற்காக 28 பேரை 14, 14 ஆகப் பிரித்திருக்கிறார்கள். தன் பதினாலு பேரின் வாசிப்புப் பதிவேடு, எடை, உயரம், பெற்றோர் சந்திப்பு எல்லாம் அவரவர் பொறுப்பு. இந்தப் பள்ளியில் பார்த்த ஏற்பாடுகளில் ஆகச் சிறந்தது இது. ஒரே ஆசிரியர் இருக்கும் வகுப்பில்கூட இவ்வளவு கூர்மையான கவனிப்பு அரிது. பெற்றோர் பேச வகுப்புக்கென்று ஒரே கைபேசி எண். இருவரின் சொந்த எண்ணும் கொடுப்பதில்லை. ஒருவரிடம் மறுக்கப்பட்ட அனுமதியை மற்றவரிடம் வாங்கும் வேலை பிள்ளைகளுக்கு முன் பெற்றோருக்குத்தான் கைவரும் என்பதால் இதுவும் நல்லது.

முப்பருவ முறையில், பாடம் நடக்கும்போதே வைக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அறுபதைத் திட்டம் எழுதியவரே திருத்துகிறார், பிரச்சினை இல்லை. நாற்பதில் ஒருவர் கை தாராளம், மற்றவர் கை இறுக்கம். மதிப்பெண் போடும் முன் ஐந்து நோட்டுகளை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தீரும். இங்கே இன்னும் அதைத் தொடங்கவில்லை.

ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் வருகிறார். வகுப்பை அறிந்த ஆள் மாற்றாக வருவது வேறெங்கும் கிடைக்காத வசதி. அந்த நாளுக்குத் தனிச் சம்பளம் இல்லை, பதிலுக்கு ஒருநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். இது நீண்ட நாள் ஓடாது. கைக்குழந்தையோ, படுக்கையில் மாமியாரோ, சம்பா அறுவடையோ இருப்பதால்தான் ஒருவர் பாதி வேலை கேட்கிறார். அவருடைய மீதி வாரம் சும்மா கிடக்கவில்லை. கூடுதல் நாளுக்குக் கூடுதல் சம்பளம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த ஆண்டும் இதே இருவர் இருப்பார்கள்.

மாற்றம் தாங்காத பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, இது ஒத்துவருமா? கதவில் மஞ்சள், பச்சை அட்டை தொங்குகிறது. இன்று எந்த மிஸ் என்பதைப் பிள்ளையே திருப்பி வைக்கிறது. கழிப்பறைக்குப் போகக் கேட்கும் விதம், உட்காரும் இடம், தண்ணீர் குடிக்கும் நேரம் எதுவும் கிழமைக்குக் கிழமை மாறுவதில்லை. அது போதும் என்று தோன்றுகிறது. முதல் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மட்டும் ஜூன் மாதம் முழுக்க ஒரே ஆசிரியர் இருப்பது நல்லது.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் போன வாரத்துக் கைமாற்ற நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெயர்கள் எழுதியிருந்தால் நல்லது. "அனைத்தும் சரி" என்று மட்டும் இருந்தால் அது கையெழுத்துக்காக வைத்த நோட்டு. இரண்டு ஆசிரியர் என்பதற்காகத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழுதான் நிர்ணயிக்கிறது. இந்தப் பள்ளி அப்படிக் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு இதே இருவரும் உடன் போவார்களா என்பதை நிர்வாகம் இன்னும் முடிவு செய்யவில்லை. சேர்க்கும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.