வடசென்னை வீடற்றோர் காப்பகம்: இடம் நல்லது, கணக்குதான் புரியவில்லை

மாநகராட்சிக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிற காப்பகம், பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். தங்குவதற்குக் காசு வாங்குவதில்லை, கழிப்பறை சுத்தம், ஆளுக்கொரு பாய், போர்வை, பூட்டு போட்ட சின்னப் பெட்டி. பிளாட்பாரத்தில் தூங்கியவருக்கு அந்தப் பூட்டுதான் பெரிய விஷயம், ஆதார் கார்டு இனி திருடு போகாது.

ஆனால் இடம் யாருக்கு என்பதில்தான் குழப்பம். நான் ஒரு வயதான அம்மாவை அழைத்துப் போனபோது "இடமில்லை, நாளைக்கு வாங்க" என்றார்கள், காத்திருப்போர் பட்டியல் உண்டா என்றால் பதிலே இல்லை. நோயாளி, முதியவர், கைக்குழந்தையோடு வருபவர் என்று முன்னுரிமை எழுதிச் சுவரில் ஒட்டினால் என்ன? அப்புறம், ஆண், பெண் தனித்தனிக் காப்பகம் என்பதால் குடும்பமாக இருப்பவர்கள் பிரிய மனமில்லாமல் மறுபடி நடைபாதைக்கே போகிறார்கள்.

பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. விரிவாக்கப்பட்ட சென்னையில் 2011 கணக்கெடுப்பிலேயே சுமார் 67 லட்சம் பேர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாலையோரம் யாரையாவது பார்த்தால் மாநகராட்சி உதவி எண் 1913-க்குச் சொல்லுங்கள்.