நிறம் மாறும் காக்டெய்ல்: சங்குப்பூவா, செம்பருத்தியா, பன்னீர் ரோஜாவா?

எலுமிச்சைச் சாறு விழுந்ததும் நீலம் ஊதாவாகி, ஊதா இளஞ்சிவப்பாகும் காக்டெய்லுக்கு எந்தப் பூ உகந்தது என்று கேட்டால், சங்குப்பூ என்று உடனே பதில் வரும். கண்ணுக்கு மட்டும் என்றால் அந்தப் பதிலே போதும். ஆனால் நிறம் மாறி முடிய ஐந்து நொடி. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்தப் பானத்தைக் குடித்தாக வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்தால் செம்பருத்திக்கும் பன்னீர் ரோஜாவுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. மூன்றுமே சென்னையில் அலையாமல் கிடைக்கும் பூக்கள்.

மூன்றிலும் நிறம் தருபவை ஆந்தோசயனின் வகை நிறமிகள். அமிலம் கூடினால் அவை சிவப்பை நோக்கியும், காரம் கூடினால் பச்சையை நோக்கியும் நகரும். பள்ளி ஆய்வகத்தில் செம்பருத்திச் சாற்றை நிறங்காட்டியாகப் பயன்படுத்தியவர்களுக்கு இது பழைய பாடம். ஆனால் எல்லா ஆந்தோசயனினும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. அமிலம் குறைந்த வெறும் நீரில் சாதாரண ஆந்தோசயனினை நீர் மூலக்கூறுகள் தாக்கி வெளிறச் செய்துவிடுகின்றன. சங்குப்பூவில் உள்ள டெர்னாடின் என்ற நிறமிக்கோ பக்கவாட்டில் நீண்ட கிளைகள் இருக்கின்றன. அவை மடிந்து நிறமியின் நடுப்பகுதியை மூடிக் காக்கின்றன. அதனால்தான் அது வெறும் தண்ணீரிலேயே ஆழ்ந்த நீலமாக நிற்கிறது. மாற்றத்தைப் பார்க்கிறவருக்கு முதலில் இருந்த நிறமும் பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா? அங்கேயே சங்குப்பூ பாதி வென்றுவிடுகிறது.

மீதிப் பாதியை அது வெல்வது ஜின் என்ற நிறமற்ற மதுவில். காய்ந்த சங்குப்பூ நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பத்துப் பன்னிரண்டு பூக்களை 200 மில்லி ஜின்னில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மை போன்ற நீலம் இறங்கிவிடும். அத்துடன் வடிகட்டிவிட வேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டால் பச்சைப் பயற்று வாடை ஏறும். கனடாவின் எம்ப்ரஸ் 1908 ஜின்னின் நீலமும் இதே பூவிலிருந்து வருவதுதான். வேலியில் படர்ந்த கொடியிலிருந்து பறிப்பவர்கள் இதழ்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விதையும் வேரும் பேதியாக்கும் தன்மை கொண்டவை. காய் தப்பித் தவறியும் சேரக் கூடாது.

இதன் குறை சுவை. சொல்லப்போனால், இதற்குச் சுவையே இல்லை. நிறம் மாறி முடிந்ததும் கோப்பையில் மிஞ்சுவது எலுமிச்சையும் சர்க்கரையும் ஜின்னும்தான். இன்னொரு சிக்கல், ஜின்னோடு வழக்கமாகக் கலக்கும் கசப்பான சோடாவான டானிக் வாட்டர். அதிலேயே சிட்ரிக் அமிலம் இருப்பதால், விருந்தினர் முன் எலுமிச்சை பிழிவதற்குள் நீலம் ஊதாவாகியிருக்கும். வெறும் சோடா பரவாயில்லை, நிறம் பெரிதாக நகராது.

செம்பருத்தி நேர்மாறு. ஐந்து இதழ் கொண்ட சிவப்பு ஒற்றைச் செம்பருத்திதான் வேண்டும். பச்சைப் புல்லிவட்டத்தையும் நடுவிலுள்ள மகரந்தத் தண்டையும் நீக்கிவிட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரில் இதழ்களைப் போட்டால் சில நிமிடங்களில் அவை வெளுத்துத் துவண்டு, தண்ணீர் மங்கலான கத்தரிப்பூ நிறமாகும். பார்க்க அழகில்லை. ஆனால் அதில் நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள்: சாறு விழுந்த இடத்தில் சிவப்பு சட்டெனத் திறந்து, கலக்காமலேயே பக்கவாட்டில் பரவும். ஊதா, இளஞ்சிவப்பு என்ற படிகள் இல்லை, ஒரே தாவல். குடிக்கும்போது மெல்லிய துவர்ப்பு இருக்கும். இதழின் வழவழப்பு பானத்துக்கு ஒரு கனமும் தரும். வோட்காவிலோ வெள்ளை ரம்மிலோ இந்தக் கனம் நன்றாகப் பொருந்துகிறது. எனக்கு மூன்றில் குடிக்கப் பிடித்தது இதுதான்.

செம்பருத்தி வேண்டுமென்று கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹைபிஸ்கஸ் டீ என்ற பெயரில் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் ரோசெல் என்ற வேறு செடியின் காய்ந்த புல்லிவட்டம். அதிலேயே புளிப்பு நிறைய இருப்பதால் தண்ணீரில் போட்டவுடன் சிவந்துவிடும். அதன் பிறகு எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் மாற நிறம் இருக்காது. சுவையான பொருள்தான், இந்த வேலைக்கு ஆகாது.

தண்ணீரையும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை உள்ளது. அதில் செம்பருத்தியைப் போட்டால் கத்தரிப்பூ நிறம் வராமல் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் நிற்கும், சிவக்க வைக்க எலுமிச்சையும் கூடுதலாகச் செலவாகும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள், ஐஸ் கட்டிக்கும் அதே தண்ணீர்.

பன்னீர் ரோஜாவுக்கு மணத்தில் இணையில்லை. நிறத்தில் அது மூன்றாவது இடம்தான். வெந்நீரில் மங்கிய பழுப்பாக இறங்கி, எலுமிச்சை பட்டதும் இளஞ்சிவப்பாகும். மாற்றம் உண்மை என்றாலும் மங்கலான விளக்கொளியில் யாருக்கும் தெரியாது. இதழின் அடியில் உள்ள வெள்ளைப் பகுதியை நறுக்காவிட்டால் கசக்கும். பெரிய தடை வேறு. கோயம்பேட்டிலோ தெருவோரப் பூக்கடையிலோ விற்பவை மாலைக்கும் பூஜைக்கும் வளர்க்கப்பட்டவை, பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம். வீட்டுத் தொட்டியில் மருந்தில்லாமல் பூத்தால் மட்டும் பயன்படுத்தலாம். குங்குமப்பூவும் ஆவாரம்பூவும் மஞ்சள் தரும், அமிலத்துக்கு அசையாது, அவற்றை விட்டுவிடலாம்.

நாலு பேர் கூடும் மாலைக்கு நான் சங்குப்பூவையே எடுப்பேன், ரோஜாவின் மணத்தைக் கடன் வாங்கி. உயரமான கண்ணாடிக் கோப்பையில் 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி வெள்ளைச் சர்க்கரைப் பாகு, இரண்டு சொட்டு பன்னீர். சாற்றைக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். பன்னீர் சமையலுக்கானதாக இருக்கட்டும். பூஜைக் கடையில் விற்பது குடிப்பதற்கல்ல. நாட்டுச் சர்க்கரையும் நன்னாரி சர்பத்தும் ருசிதான், ஆனால் அவற்றின் பழுப்பு நீலத்தைச் சேறாக்கிவிடும். கோப்பை நிறைய ஐஸ் போட்டு, 60 மில்லி குளிர்ந்த தண்ணீர் விட்டு, 45 மில்லி நீல ஜின்னைக் கரண்டியின் முதுகில் படும்படி மெல்ல ஊற்றுங்கள். ஜின் தண்ணீரைவிட இலேசானது, பாகு கனமானது. மேலே நீலம், இடையில் ஊதா, கீழே இளஞ்சிவப்பு என்று அடுக்கு நிற்கும். சோடா ஊற்றினால் குமிழிகள் அடுக்கைக் கலைத்துவிடும். கலக்குவதைக் குடிப்பவரிடமே விடுங்கள். மது வேண்டாம் என்பவருக்கும் 21 வயது நிரம்பாதவருக்கும் ஜின்னுக்குப் பதிலாக வெந்நீரில் ஊறிய சங்குப்பூச் சாறு. நீரும் நீரும் சீக்கிரம் கலந்துவிடும் என்பதால் இன்னும் மெதுவாக ஊற்ற வேண்டும்.

தனியாகவோ இருவராகவோ குடிப்பதென்றால் செம்பருத்தி. அதன் சாற்றை முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள், சீக்கிரம் மங்கும். காலையில் பறித்த பூவை அன்று மாலையே பயன்படுத்திவிட வேண்டும். சங்குப்பூ ஜின்னை வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் அடுத்த வாரத்துக்கும் ஆகும்.