பெல் ஹவுசிங்கில் எண்ணெய் சொட்டினால்: என் எம்எக்ஸ்-5 அனுபவம்

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், 1.8 லிட்டர் இன்ஜின். இங்கிலாந்தில் பல வருடமாக ஓட்டுகிறேன், சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வயதான காரில் ரப்பர் பாகங்கள் இறுகிப் போவது இயற்கைதான். ஆனால் எந்த ரப்பர் என்று கண்டுபிடிப்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடியில், எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. காட்டிய ஒர்க்‌ஷாப்பில், கிராங்க் ஷாஃப்ட்டின் (இன்ஜினின் முக்கிய சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்றார்கள். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும். சீல் விலை கொஞ்சம்தான், கூலிதான் பெரிது.

நான் உடனே சம்மதிக்கவில்லை. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டுகிற இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தெரிகிற மிக உயரமான இடத்தைத் தேட வேண்டும். முதலில் வாசனை பார்த்தேன். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நெடி உண்டு, இதில் அது இல்லை. அப்புறம் இன்ஜினின் பின்பக்கத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஆயிலில் புற ஊதா சாயம் ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு விளக்கடித்தேன். பளிச்சென்ற பச்சைக் கோடு சிலிண்டர் ஹெட்டின் பின்புறம், கேம் ஆங்கிள் சென்சாரின் (கேம் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் கருவி) அடியிலிருந்து தொடங்கி நேராக பெல் ஹவுசிங்கில் இறங்கியது. அதற்கு மேலே இருந்த கேம் கவர் கேஸ்கட் (ஹெட்டின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டை) காய்ந்துதான் இருந்தது.

அந்த சென்சாரைச் சுற்றி ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், இருக்கிறது, அவ்வளவுதான். பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட். ஆனால் அது ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உள் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒட்டி இருக்கிறது, இக்னிஷன் காயில் வேறு குறுக்கே நிற்கும். கை நுழைப்பதற்குள் பொறுமை போய்விடும். கழற்றுமுன் சென்சார் உட்கார்ந்திருக்கும் நிலையைக் கோடு போட்டுக் குறிப்பது கட்டாயம், ஏனென்றால் அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறும். பழைய ஓ-ரிங் பிளாஸ்டிக் போல விறைத்து, தட்டையாகிக் கிடந்தது. புதியதில் எண்ணெய் தடவி மாட்டினேன். பிறகு டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி (TEN, GND என்று குறித்திருக்கும்) முனைகளை இணைத்து, டைமிங் லைட்டால் 10 டிகிரி இருக்கிறதா என்று சரிபார்த்தேன்.

கையோடு பிசிவி வால்வையும் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் சின்ன வால்வு) பார்த்துவிட்டேன். குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட எண்ணெயைத் தள்ளும். சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் போகும் ஹீட்டர் ஹோஸ்களையும் துடைத்து அமுக்கிப் பாருங்கள். எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிவிடும், பிறகு கூலன்ட் கசியும்.

அதன் பிறகு குளிர்காலங்கள் போயிருக்கின்றன, மலைப்பாதைகளில் இன்ஜினை நன்றாகவே முடுக்கியிருக்கிறேன். பெல் ஹவுசிங் காய்ந்தே இருக்கிறது, டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை. அந்தப் பின்பக்க சீல் இன்றும் பழையதுதான். கிளட்ச் தேய்ந்து கியர்பாக்ஸை இறக்கும் நாளில் அதையும் மாற்றிக்கொள்வேன். முன்பக்க கேம் சீல்களும் கிராங்க் சீலும் அடுத்த டைமிங் பெல்ட் வேலையோடு மாறும்.