விர்ச்சுவல்பாக்ஸின் சீரியல் போர்ட்: யாரும் சீண்டாத ஒரு வசதி

போன வாரம் விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) இருக்கும் என் உபுண்டு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினில் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். கருப்புத் திரை, கெர்னல் பேனிக் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிடுவது). கடைசி வரிகள் மட்டும்தான் தெரிந்தன. மேலே போனதைப் பார்க்க வழியில்லை. செல்போனில் நாலு போட்டோ எடுத்தேன், நாலும் ஒரே மாதிரி.

அப்புறம்தான் விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் இருந்த சீரியல் போர்ட் (எழுத்துகளை வரிசையாக வெளியே அனுப்பும் பழைய வகை இணைப்பு) ஞாபகம் வந்தது. முதல் சீரியல் போர்ட்டான காம்1-ஐ இயக்கி, வருவதை அப்படியே ஃபைலில் எழுத மோடில் 'ரா ஃபைல்' தேர்ந்தெடுத்து, ஒரு ஃபைல் பெயர் கொடுத்தேன். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' (e) அழுத்தி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில், செய்திகளை சீரியல் போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லும் 'கன்சோல்=டிடிஒய்எஸ்0' (console=ttyS0) சேர்த்தேன். இந்த முறையும் பேனிக்தான். ஆனால் முதல் வரியிலிருந்து முழு லாகும் என் லேப்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வந்து உட்கார்ந்திருந்தது!

சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்ய (இணைக்க) முடியவில்லை, அன்னோன் பிளாக் (0,0) என்று புலம்பல். பூட்டின் தொடக்கத்தில் கெர்னலுக்குத் தேவையான ஃபைல்களின் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை (initramfs) விரிக்கும் வரியைத் தேடினேன், காணவே இல்லை. பழைய கெர்னலில் பூட் செய்து பார்த்தால், கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கும் /பூட் பகுதி 100% நிரம்பியிருந்தது. புது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு இடமே இல்லை. பழைய கெர்னல்களைச் சேர்த்துவைத்தது நான்தான், வேறு யாரைக் குறை சொல்ல? இரண்டைத் தூக்கிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கியதும் சரியாகிவிட்டது.

மெஷினின் அப்போதைய நிலைமையைச் சேமித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியை எல்லாரும் புகழ்வார்கள். அது நிலைமையைப் பழையபடி ஆக்கும், அவ்வளவுதான். என்ன கெட்டது என்று சொல்லாது. என் ஐந்து நட்சத்திரமும் இந்த சீரியல் போர்ட்டுக்கே. இது தானாக ஆனில் இருக்காது, மெஷினை அணைத்துவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும்.