ஹீற்றர் கோர் மாத்தினதாச் சொல்லி 1,380 டொலர் வாங்கிட்டினம் – ஸ்காபரோவில கார் வச்சிருக்கிற ஆக்கள் கவனம்

தங்கச்சியின்ர காசு 1,380 டொலர் போச்சு. நேற்று கார் பொனற்றைத் திறந்து பாத்தாப் பிறகுதான் முழு விஷயமும் தெரிஞ்சது. ஸ்காபரோவில எங்கட ஆக்கள் நடத்துற ஒரு சின்ன கராஜ். கராஜின்ர பேரை இதில போடேல்லை.

வெளியில மைனஸ் 18. ஹீற்றர் குளிர்காத்து அடிச்சுது. 20 நிமிஷம் ஓடினாலும் வெப்பநிலை முள்ளு நடுவுக்கு வராது, ஹைவேயில ஏறினால் இன்னும் கீழ இறங்கும். செக் எஞ்சின் லைற்றும் எரிஞ்சது, கோட் பி0128, எஞ்சின் போதிய அளவு சூடேறேல்லை எண்டு அர்த்தம். இந்த மூண்டும் சேந்து வந்தால் முதலில பாக்கவேண்டியது தேர்மோஸ்ரற், அதாவது கூலன்ற் (எஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணி) ரேடியேற்றருக்குப் போற வழியைத் திறந்து மூடுற வால்வு. அது திறந்தபடி இறுகினால் எஞ்சின் சூடேற முதலே கூலன்ற் ரேடியேற்றருக்குள்ள சுத்தி ஆறிடும், ஹீற்றருக்குச் சூடு வராது.

அங்க ஒருத்தரும் முள்ளைப் பாக்கேல்லை. "பிள்ளை, ஹீற்றர் கோர் அடைச்சுப் போச்சு. டாஷ்போர்ட்டைக் கழட்டித்தான் மாத்தோணும். எங்கட பிள்ளை எண்டபடியால் காசாத் தாங்கோ, வரி வேண்டாம்" எண்டு கராஜ்காரர் சொல்லியிருக்கிறார். ஹீற்றர் கோர் எண்டது டாஷ்போர்ட்டுக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேற்றர், அதுக்குள்ளால ஓடுற சூடான கூலன்ற்தான் ஹீற்றர் காத்தைச் சூடாக்கும். ஊர் எது, அப்பா ஆர் எண்டெல்லாம் விசாரிச்சு, தேத்தண்ணியும் குடுத்திருக்கினம். அந்த இடத்திலதான் அவள் நம்பினது. எஸ்டிமேற்றும் இல்லை, பில்லும் இல்லை.

காலமை 10 மணிக்கு விட்ட காரை மத்தியானம் 1 மணிக்குத் திருப்பிக் குடுத்திட்டினம். அந்தக் காருக்கு டாஷ்போர்ட் முழுக்க இறக்கி ஏத்தவே ஒரு நாள் வேணும்!

ரெண்டாம் நாள் திரும்பவும் குளிர்காத்து. போன் அடிச்சால், "உள்ள காத்து நிக்குது, ஓட ஓடச் சரிவரும்." பொய். கூலன்ற் ஓடுற பாதையில நிக்கிற காத்தை முறையா எடுக்கோணும்: எஞ்சின் ஆறியிருக்கேக்க ரேடியேற்றர் மூடியைத் திறந்து, காரின்ர முன்பக்கத்தை உயத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில வச்சு, ரேடியேற்றர் ஃபான் சுத்தும்வரை ஓடவிட்டு, குமிழி வரவரக் கூலன்ற் விடோணும். அடுத்த முறை "பெரியவர் ஊருக்குப் போட்டார்." பழைய கோரைக் கேட்டால் "குப்பையில போட்டாச்சு." பிறகு எங்கட நம்பரைக் கண்டால் போனே எடுக்கிறேல்லை.

எஞ்சினுக்குப் பின்னால, உள்ளுக்குப் போற ரெண்டு ஹீற்றர் ஹோஸையும் பாத்தன். கிளிப் ரெண்டும் துருப்பிடிச்சு, மேல பழைய தூசி அப்பிடியே இருக்கு. ஒருத்தரும் தொடேல்லை. தொட்டுப் பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடு. கோர் அடைச்சிருந்தால் ஒண்டு கொதிக்கும், மற்றது குளிரா இருக்கும். ரெண்டும் நல்ல சூடா இருந்தும் குளிர்காத்து வந்தால், டாஷ்போர்ட்டுக்குள்ள சூட்டுக்காத்தைத் திருப்புற கதவின்ர அக்சுவேற்றர் மோட்டரைச் சந்தேகப்படலாம். அது போனால் அனேகமா "டிக் டிக்" எண்டு சத்தம் கேக்கும்.

கடைசியில தேர்மோஸ்ரற்றைத்தான் மாத்தினது. புது தேர்மோஸ்ரற், கேஸ்கற், பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் ரெண்டு லீற்றர். எல்லாம் 80 டொலருக்குள்ள. பத்து நிமிஷத்தில முள்ளு நடுவுக்கு வந்திட்டுது. 80 டொலர் வேலைக்கு 1,380 டொலர்!

என்னென்ன பாக்கோணும் எண்டு விவரமா எழுதத்தான் தொடங்கினனான், கை நடுங்குது. இதையாவது செய்யுங்கோ. எஸ்டிமேற்றை எழுத்தில வாங்குங்கோ. ஒன்ராறியோச் சட்டப்படி எஸ்டிமேற்றை விட 10 வீதத்துக்கு மேல கூடுதலா எடுக்கேலாது. பழைய பார்ட்டைத் தாங்கோ எண்டு வேலை தொடங்க முதலே சொல்லுங்கோ. வேலைக்கும் பார்ட்டுக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் சட்டத்திலயே இருக்கு, ஆனால் பில் இல்லாமல் அதை எப்பிடி நிரூபிக்கிறது? வரி மிச்சம் எண்டு சொன்னால் அந்த இடத்திலயே காரைத் திருப்புங்கோ.

ஹீற்றர் கோர் உண்மையாவே ஒழுகினால் கண்ணாடியில எண்ணெய்ப்படலம் மாதிரிப் பனிப்புகார் படியும், இனிப்பு மணம் வரும், முன்சீற்றுக் காலடிக் கம்பளம் ஈரமாகும். இது ஒண்டும் இல்லாமல் கோர் ஒழுகுது எண்டால் நம்பாதேங்கோ. ஒழுக்கை அடைக்கிற போத்தல் மருந்தையும் ஊத்த விடாதேங்கோ, அது நல்ல கோரையே அடைச்சிடலாம்.